யாருடைய வரைபடம்?

'வெள்ளைக்காரன்தான் நமக்கு மேப் போட்டுக் கொடுத்தான்' என்று சிலாகிப்பவர்களிடம் ஒரு கேள்வி. கொடுத்தானா? யாருக்கு?

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார் வில்லியம் லாம்டன். 57 நாள் வேலை. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாக அடுக்கியே, அவருக்குப் பின் வந்தவர்கள் இமயமலை வரை போய்விட்டார்கள். அபாரமான விஞ்ஞானம், மறுக்கவில்லை. ஆனால், லாம்டன் போட்டிருந்தது ராணுவ உடுப்பு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படையில் இருந்தவர். பீரங்கி எந்த வழியில் போகும், வரி எவ்வளவு தேறும்? பிடித்த நாட்டை அளந்தால்தானே தெரியும்! கம்பெனி காசு கொடுத்தது சும்மா இல்லை.

கணக்குப் போட்டு, உலகிலேயே உயரமான சிகரத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ராதாநாத் சிக்தார் என்கிற வங்காளி. சிகரத்துக்கு வைத்ததோ, 1843-லேயே ஓய்வு பெற்றுப் போன எவரெஸ்ட் துரையின் பெயர்!

சரி, அவன் அந்நியன். போகட்டும். 1947-க்கு அப்புறம் நாம் என்ன செய்தோம்? பூட்டை உடைக்கவில்லை, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டோம். எல்லையோர, கடலோரப் பகுதிகளின் விரிவான வரைபடங்கள் பல பத்தாண்டுகள் சாமானியன் கைக்கு வரவே இல்லை. கேட்டால், 'தேசப் பாதுகாப்பு' என்றார்கள். எதிரியிடம் செயற்கைக்கோள் இருந்தது ஐயா! அவனுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது உங்களுக்கும் எனக்கும்தான். 2021-ல்தான் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது.

லாம்டனின் கோடு போய் முடிந்த பெரும்பாக்கத்தை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியைக் கட்டடங்கள் தின்றுவிட்டன. 2015 டிசம்பரில் தென்சென்னை மூழ்கியது. எது பள்ளம், தண்ணீர் எந்த வழியில் வடியும் என்பதெல்லாம் அளந்தவர்களுக்குத் தெரியும். கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவருக்கு யார் சொன்னார்கள்?

விதியைத் தளர்த்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும், பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் அந்தப் பகுதியின் ஏரி, வாய்க்கால், மேடு, பள்ளம் காட்டும் வரைபடத்தைத் தமிழில் மாட்டுங்கள். அளந்தது நம் மண். கருவியைச் சுமந்தது நம் ஆள். செலவு நம் வரிப்பணம். இதில் மறைக்க என்ன இருக்கிறது, ஏரியை விழுங்கியவர்களின் பெயரைத் தவிர?