வேனில் எண்ணப்படாத இருக்கை

பெருநாள் விடுமுறையும் கோடை விடுமுறையும் வந்துவிட்டால் குமரி மாவட்டத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு கணக்கு தொடங்குகிறது. வளைகுடாவிலிருந்து வாப்பா வந்திருப்பார்; விடுப்பு முப்பது நாளோ நாற்பது நாளோதான். அதற்குள் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று எங்கேனும் போய்வர வேண்டும். வேன் பேசப்படுகிறது. மச்சான் வீட்டார் எத்தனை பேர், மாமி வீட்டார் எத்தனை பேர் என்று இருக்கைகள் எண்ணப்படுகின்றன. இடலாக்குடியானாலும் தக்கலையானாலும், திருவிதாங்கோடானாலும் தேங்காய்ப்பட்டணமானாலும், பல வீடுகளில் ஓர் இருக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கோ, மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத பிள்ளைக்கோ, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ உரிய இருக்கை அது. "அவன் இங்கேயே இருக்கட்டும், அவனுக்கு அதுதான் வசதி" என்று ஒரே சொல்லில் காரியம் முடிக்கப்படுகிறது.

இந்த வழக்கத்தை நாம் மறுக்கிறோம். ஒரு பிள்ளையை விலக்கி வைத்துவிட்டுப் போகும் பயணத்திற்குக் குடும்பச் சுற்றுலா என்னும் பெயர் பொருந்தாது. அன்றியும், விலக்கப்படுவது அந்தப் பிள்ளை மட்டுமன்று. அதைப் பார்த்துக்கொள்ள யாரேனும் வீட்டில் நிற்க வேண்டுமே! பெரும்பாலும் நிற்பவள் உம்மாதான். ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டியவளுக்கே ஓய்வு மறுக்கப்படுகிறது. அதற்கு அவளுடைய பொறுமையைப் புகழ்வது நம்மிடையே பழகிப்போன பதில். பொறுமை அவளுடைய நற்குணம். பிறர் தம் கடமையைத் தட்டிக்கழிக்க அது அனுமதிச் சீட்டாகாது.

அந்தப் பிள்ளை பயணமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுக்கும் சிகிச்சை மையங்களுக்கும் போய்வந்திருக்கிறது. ஓதிப் பார்க்கவும் தண்ணீர் ஊதி வாங்கவும் ஊர் ஊராய் அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறது. வண்டியில் ஏறினால் ஊசியோ அந்நியர் கையோ காத்திருக்கும் என்பதே அதன் அனுபவம். பிறகு வண்டியைக் கண்டதும் அது அலறினால், "இவனுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது" என்று தீர்ப்பு எழுதுகிறோமே, இது என்ன நீதி? குணமாவதற்காக மட்டுமே வெளியே கொண்டுபோகப்படும் பிள்ளைக்கு, மகிழ்வதற்காகவும் வெளியே போகலாம் என்பதை யார் கற்றுக்கொடுப்பது?

எதிர்வாதங்களை நாம் அறிவோம். "கடலும் மலையும் அவனுக்கு என்ன புரியும்?" என்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதக் குழந்தைக்கு மூணாறு புரிகிறதா? அதை மட்டும் ஏன் தூக்கிச் செல்கிறோம்? "மற்றப் பிள்ளைகளின் மகிழ்ச்சி கெடும்" என்கிறார்கள். உடன்பிறந்தவனை விட்டுவிட்டுச் சிரிக்கப் பழகும் பிள்ளைகள், நாளை பெற்றோருக்கு முதுமை வரும்போது யாரை விட்டுச் செல்வார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாவது வாதம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை: நாலு பேர் பார்த்தால் மூத்தவளுக்குச் சம்பந்தம் வருமா என்னும் அச்சம். இந்த அச்சத்தை அந்த வீட்டில் விதைத்தது நம் சமுதாயம். கலியாண வீட்டில் அந்தப் பிள்ளையைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறவர்களும், "பிறவியிலேயே இப்படியா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர்களும்தான் அதற்குப் பொறுப்பு.

மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது? ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தியொன்று அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் கூட்டத்தின் பின்னால் தங்கி வருவார்கள், பலவீனமானவர்களின் வாகனத்தை மெல்ல ஓட்டிவிடுவார்கள், நடந்து வருபவரைத் தமக்குப் பின்னே ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காகப் பிரார்த்திப்பார்கள். கூட்டத்தின் தலைவர் பின்வரிசையில் வந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. பயணிக்குத் தொழுகையையே சுருக்கித் தந்த மார்க்கம் இது. ஒரே நாளில் ஏழு இடம் பார்த்தாக வேண்டும் என்னும் நம் நிகழ்ச்சிநிரலைச் சுருக்குவதில் என்ன தடை?

உண்மையான சிரமங்கள் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. கூட்டமும் இரைச்சலும் சில பிள்ளைகளைத் தாங்க முடியாத கலக்கத்தில் ஆழ்த்தும். சிலர் கையை உதறிக்கொண்டு ஓடுவார்கள். ஆனால் இச்சிரமங்கள் கேட்பது திட்டமிடலை. அத்திட்டம் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும். ஊரை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிள்ளையை அதற்குள் திணித்தால் இருவருக்கும் துன்பம்.

தொலைதூரம் போகுமுன் நம் மாவட்டத்திலேயே பழக்கலாம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும், 133 அடி உயர வள்ளுவர் சிலைக்கும், இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்திற்கும் படகில்தான் போக வேண்டும். வரிசையில் நிற்க இயலாத பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையிலும், ஐயப்ப பக்தர்கள் திரளும் கார்த்திகை, மார்கழியிலும் அங்கே கொண்டுபோவது அறிவுடைமையன்று. வாரநாளில் காலையின் முதல் படகுகளே உகந்தவை. பத்மநாபபுரம் அரண்மனையில் செங்குத்தான மரப்படிகள் உண்டு. சக்கர நாற்காலிக்கு அவை வழிவிடா. அதற்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் மரநிழலும் விரிந்த இடமும் இருக்கின்றன. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடப்பது ஓடும் இயல்புள்ள பிள்ளைக்கு ஆபத்து. கீழே ஆற்றங்கரையில் இருந்தபடியே பாலத்தைக் காட்டலாம். மணலையும் அலையையும் விரும்பும் பிள்ளைக்குச் சொத்தவிளைக் கடற்கரையில் ஒரு விடியற்காலை போதும். ஒரு நாளுக்கு ஓர் இடம். அதற்கு மேல் வேண்டாம்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே போகும் இடத்தின் படங்களை, நிகழப்போகும் வரிசையில் காட்ட வேண்டும்: முதலில் வேன், பிறகு கடல், பிறகு சாப்பாடு, பிறகு வீடு. பழகிய உணவும் பழகிய போர்வையும் கூட வரட்டும். இரைச்சலுக்கு அஞ்சும் பிள்ளைக்குக் காதுமூடி வேண்டும். வலிப்பு மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். வண்டியின் மேல் கட்டிய பெட்டியில் இருந்தால் பயனில்லை. பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய அட்டை பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கட்டும். அன்று காலை அணிவித்த உடையோடு ஒரு படம் எடுத்து வைத்தால், கூட்டத்தில் தவறினால் தேட உதவும். தங்கும் அறையைத் தரைத்தளத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை களைத்தால் யார் அதனோடு திரும்புவது என்பதைப் புறப்படுமுன்னரே பேசி முடிவுசெய்ய வேண்டும். அந்தப் பெயர் ஒவ்வொரு முறையும் உம்மாவின் பெயராக இருக்கக் கூடாது.

உரிமைகளையும் அறிந்திருப்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. பொழுதுபோக்கில் பங்குபெறுவதையும் அச்சட்டம் உரிமையாகவே கூறுகிறது. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத, அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதி வகுப்பிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் சிறப்புத் தேவையுள்ள சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற இண்டிகோ நிறுவனம் மறுத்தது. அதே விமானத்தில் செல்லவிருந்த மருத்துவர்கள் உள்ளிட்ட பயணிகள் அவனுக்காக வாதாடினார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. குறைபாட்டைக் காரணம் காட்டி நிறுவனமே முடிவெடுத்துப் பயணம் மறுக்க இயலாதவாறு, மருத்துவரின் கருத்தைக் கட்டாயமாக்கி விதியும் திருத்தப்பட்டது. அந்தப் பெற்றோர் பிள்ளையை வீட்டில் விட்டிருந்தால் இந்தத் திருத்தம் வந்திருக்குமா? வெளியே வரும் பிள்ளைகளால்தான் வழிகள் அகலமாகின்றன.

சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலை வரை செல்ல 2022 நவம்பரில் மணலின் மேல் பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது; மீண்டும் சீரமைத்தார்கள். அத்தகைய பாதை நம் மாவட்டத்துக் கடற்கரைகளுக்கும் வேண்டும் என்று ஜமாஅத்துகள் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கட்டும். அதற்கு முன் தம் வாசலையும் பார்க்கட்டும். பயணத்தில் தொழுகைக்காக வண்டியை நிறுத்தும் குடும்பம், நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசலில் எதைக் காண்கிறது? ஏற முடியாத படிகளையும், பிள்ளையோடு உம்மா ஒதுங்க இடமில்லாமையையும், உட்கார இயலாத கழிப்பறையையும்தான். பளிங்குக்கும் மினாராவுக்கும் லட்சங்கள் திரட்டும் நிர்வாகங்களுக்கு ஒரு சாய்தளமும் கைப்பிடியுள்ள கழிப்பறையும் பெருஞ்செலவாகா. மதரஸா பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் செல்லும்போது, ஊரிலுள்ள சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கும் அழைப்புப் போக வேண்டும். கேட்டு வரட்டும் என்று காத்திருக்கலாகாது.

உறவினர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். உங்களோடு வரும் வேனில் அந்தப் பிள்ளை கூச்சலிட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு மணி நேரம் அதை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் உம்மா சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்க்கட்டும்.

வருகிற விடுமுறைக்கு வேன் பேசுமுன் இருக்கைகளை எண்ணும்போது அந்தப் பிள்ளையிடமிருந்தே எண்ணத் தொடங்குங்கள். நம் வீடுகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பயணத்தை எளிதாக்குவானாக! ஆமீன்.