வேலைக்குப் பின் வரும் பட்டம்

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் வீடுகளில் ஓர் உரையாடல் தவறாமல் நடக்கும். "டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்குமா?" என்பது முதல் கேள்வி. கிடைப்பது கடினம் என்று தெரிந்ததும், யாராவது ஒருவர் மருத்துவ உதவியாளர் டிப்ளோமாவைப் பற்றிச் சொல்வார். உடனே மறுப்பு வரும்: "டிப்ளோமாதானே, அதோடு நின்றுவிடுமே!"

அதோடு நின்றுவிடாது, மாணவர்களே. வேலையில் சேர்ந்த பிறகும் இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் வரை படிக்க வழி இருக்கிறது. ஆனால் எல்லா வழிகளும் ஒரே ஊருக்குப் போவதில்லை. சில பட்டங்களால் நோயாளிக்குப் பயன் உண்டு. சில பட்டங்களால் பெயர்ப்பலகைக்கு மட்டுமே பயன். இத்தொழிலில் உயர்கல்வி வேலைக்குப் பின்னால் வருவதே நல்லது என்பது என் கருத்து. வேலை செய்யும்போது மனத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் கல்வியாகவும் அது இருக்க வேண்டும்.

யார் இவர்கள்?

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால், தோட்டத்து 'டிரெசர்' பற்றிச் சொல்வார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுபவர், நிலைமை மோசமானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பவர் அவர்தான். டிரெசர், எச்.ஏ., மருத்துவ உதவியாளர் என்று பெயர் மாறி மாறி, இன்று அரசாங்கச் சேவையில் அவர்களைப் 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்', அதாவது உதவி மருத்துவ அதிகாரி என்று அழைக்கிறோம். 1977-ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் இவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். இத்தொழிலுக்கான டிப்ளோமா 3 ஆண்டுப் படிப்பு. அவசரப் பிரிவு, ஆம்புலன்ஸ், எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் அறை, டயாலிசிஸ் பிரிவு, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக் என எங்கும் இவர்களைக் காணலாம்.

அமெரிக்காவில் ஏறக்குறைய இதே இடத்தில் இருப்பவர்களுக்குப் 'பிசிஷியன் அசிஸ்டண்ட்' என்று பெயர். அந்தத் தொழில் பிறந்த கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நான்கு பேரில் தொடங்கிய தொழில்

1965-இல் வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினார். அப்போது அமெரிக்காவில் மருத்துவர் பற்றாக்குறை இருந்தது. இன்னொரு பக்கம், கடற்படையில் மருத்துவப் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கை அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவத்தை ஏற்றுக்கொள்ளும் வேலைதான் ஊரில் இல்லை. அப்படிப்பட்ட 4 பேரை ஸ்டெட் முதல் வகுப்பில் சேர்த்தார். அவர்களில் 3 பேர் 1967 அக்டோபர் 6 அன்று பயிற்சியை முடித்து வெளியே வந்தார்கள். இன்றும் அந்த நாளில்தான் அமெரிக்காவில் இத்தொழிலுக்கான வாரக் கொண்டாட்டம் தொடங்குகிறது.

ஸ்டெட் முதலில் பார்த்தது அனுபவத்தை. கல்வியை அந்த அனுபவத்தின் மேல் கட்டினார்.

இன்று நிலைமை வேறு. அமெரிக்காவில் இத்தொழிலுக்குள் புதிதாக நுழைய முதுகலைப் பட்டம் வேண்டும். இளங்கலை முடித்த பிறகு, பெரும்பாலும் 27 மாதங்கள் படிக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 2,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி. அதன் பிறகும் சான்றிதழைத் தக்கவைத்துக்கொள்ள 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை 100 மணி நேரத் தொடர்கல்வியைக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆனால் பழைய விதிகளின்படி சான்றிதழோ இளங்கலைப் பட்டமோ பெற்று, பல ஆண்டுகளாக வேலை செய்துவருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் உரிமம் செல்லும். முதுகலை இல்லாததால் யாரும் வேலையைப் பறிக்கப்போவதில்லை. இருந்தும், "இனி நான் என்ன படிக்கலாம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நம் நாட்டு உதவி மருத்துவ அதிகாரிக்கும் பொருந்தும்.

முன்னால் இருக்கும் கதவுகள்

முதல் கதவு, தம் துறையிலேயே முதுகலை. வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகவோ இணையம் வழியாகவோ படிக்கலாம். புதிதாக வருபவர்களோடு தகுதியில் சமமாக நிற்க இது உதவும்.

இரண்டாவது, பொதுச் சுகாதாரம். ஒரு நோயாளியைப் பார்ப்பதிலிருந்து ஓர் ஊரையே பார்ப்பதற்கு இது பழக்கும்.

மூன்றாவது, நிர்வாகம். மருத்துவமனையின் பணம், ஆள், மருந்துக் கையிருப்பு ஆகியவற்றை நடத்தக் கற்றுத்தரும்.

நான்காவது, கல்வியியல். அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்க விரும்புவோருக்கு உரியது.

ஐந்தாவது, முனைவர் பட்டம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புதிய அறிவைத் தேடும் ஆய்வுப் பட்டம். மற்றொன்று, அமெரிக்காவில் இப்போது பரவிவரும் மருத்துவ அறிவியல் முனைவர் பட்டம். அது பணித்திறனையும் தலைமைப் பண்பையும் மையமாகக் கொண்டது.

இவை தவிர, மருத்துவராகவே ஆகிவிடும் வழியும் உண்டு. அமெரிக்காவின் லேக் எரி மருத்துவக் கல்லூரி, பிசிஷியன் அசிஸ்டண்டுகளுக்காக 4 ஆண்டு மருத்துவப் படிப்பை 3 ஆண்டுகளாகச் சுருக்கி ஒரு தனி வழி வைத்திருக்கிறது. ஆனால் அங்கே சேருபவர் தம் தொழிலை விட்டு வேறொரு தொழிலுக்குப் போகிறார். தம் தொழிலில் இருந்துகொண்டே வளர விரும்புபவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

எது சிறந்தது என்று கேட்டால், பெரும்பாலோருக்கு நான் இரண்டாவது கதவைக் காட்டுவேன். காரணத்தை ஒரு கணக்கில் சொல்கிறேன்.

ஒரே சோதனை, இரண்டு விடைகள்

ஒரு நோயைக் கண்டறியும் சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம. நோய் உள்ள 100 பேரில் 90 பேரை அது சரியாகக் காட்டும். நோய் இல்லாத 100 பேரில் 90 பேருக்கு 'இல்லை' என்று சரியாகச் சொல்லும். மீதி 10 பேரைத் தவறாக நோயாளி என்று காட்டிவிடும்.

இந்தச் சோதனையை மருத்துவமனை வார்டில் 1,000 பேருக்குச் செய்கிறோம். அவர்களில் 500 பேருக்கு நோய் இருக்கிறது. சோதனை 450 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 50 பேரையும் சேர்த்துக் காட்டும். மொத்தம் 500 பேருக்கு 'உண்டு' என்று முடிவு வரும். அவர்களில் 450 பேர் உண்மையான நோயாளிகள். அதாவது 10 பேரில் 9 பேர். நல்ல சோதனைதான்!

அதே சோதனையை ஒரு தாமானில் நடக்கும் சுகாதார முகாமுக்குக் கொண்டுபோகிறோம். அங்கும் 1,000 பேர். ஆனால் நோய் உள்ளவர்கள் 10 பேர் மட்டுமே. சோதனை அவர்களில் 9 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேரைத் தவறாகக் காட்டும். மொத்தம் 108 பேருக்கு 'உண்டு' என்று முடிவு வரும். அவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தாம். அதாவது 12 பேரில் ஒருவர்!

கருவி ஒன்றுதான், அதைப் பிடித்த கையும் ஒன்றுதான். மாறியது மக்கள் கூட்டம். வார்டில் 20 ஆண்டு வேலை செய்த ஒருவர், தம் அனுபவத்தை மட்டும் நம்பி முகாமுக்குப் போனால், 99 பேரைக் காரணமில்லாமல் கலங்கடித்துவிடுவார். இது அவருடைய திறமைக் குறைவு அல்ல. நோயாளியின் படுக்கையருகே நின்றால் இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியாது. நோய்ப்பரவலியல் என்ற படிப்பு இதைத்தான் கற்றுத்தருகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1998-இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவியது. பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கை அது கடுமையாகத் தாக்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதிக் கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்தன. ஆனால் எண்கள் ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது; இங்கே நோயுற்றவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளும் நோயுற்றன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிப்பா. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர்.

யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற மூன்று கேள்விகளின் மதிப்பு இதில் தெரிகிறது. நோயாளியை முதலில் சந்திப்பவர்களுக்கு இக்கேள்விகளைக் கேட்கும் பயிற்சி இருந்தால், அடுத்த நிப்பாவை இன்னும் சில நாள் முன்னதாகவே சந்தேகிக்கலாம்.

இனிப்பு நீர் நோயால் காலில் புண் வந்தவருக்குத் தினமும் கட்டு மாற்றுபவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலருடைய புண் ஆறுகிறது, சிலருடையது ஆறுவதில்லை. ஏன் என்று அவருக்குள் ஒரு கேள்வி இருக்கும். ஆனால் அவர் பார்ப்பது கிளினிக்குக்கு வருபவர்களை மட்டும்தான். வராமல் நின்றுவிட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல் அவர் எடுக்கும் முடிவு தவறாகப் போகலாம். அந்தக் கேள்வியோடு முதுகலை வகுப்பில் போய் உட்காருபவருக்கு, ஒவ்வொரு பாடமும் சொந்தப் பாடமாக இருக்கும். கேள்வி இல்லாமல் போய் உட்காருபவருக்கு அது இன்னொரு தேர்வு, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாருக்கும் கட்டாயமாக்கலாமா?

கூடாது என்பேன். அமெரிக்கா நுழைவுத் தகுதியை முதுகலையாக உயர்த்தியதற்கு நியாயங்கள் உண்டு. மருத்துவ அறிவு பெருகிவிட்டது, பொறுப்பும் கூடிவிட்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. 1965-இல் ஸ்டெட் சேர்த்துக்கொண்டது போன்றவர்கள், கையில் அனுபவம் மட்டும் வைத்துக்கொண்டு இன்று அந்த வாசலில் நேராக நுழைய முடியாது. முதலில் ஓர் இளங்கலைப் பட்டம், பிறகு முதுகலை, இரண்டுக்கும் பணம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இது உயர்ந்த மதில்.

முனைவர் பட்டத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. அந்தப் பட்டம் பெற்றதால் ஒருவர் சட்டப்படி செய்யக்கூடிய சிகிச்சைகள் கூடிவிடுவதில்லை. அவற்றை உரிமமும் சட்டமும் தீர்மானிக்கின்றன. 'டாக்டர்' என்ற சொல்லைப் படுக்கையில் இருப்பவர் ஒரே பொருளில்தான் புரிந்துகொள்கிறார். தமக்கு முன்னால் நிற்பவர் யார் என்று அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. பெயர் பற்றிய சண்டைக்கு முடிவே இல்லை. 2021-இல் அமெரிக்கச் சங்கம் 'அசிஸ்டண்ட்' என்பதை 'அசோசியேட்' என்று மாற்ற முடிவு செய்தது. 2025-இல் பிரிட்டனில் அரசு கேட்டு நடந்த ஆய்வு, 'அசோசியேட்' என்பதை 'அசிஸ்டண்ட்' என்று மாற்றச் சொன்னது. இரண்டு நாடுகள், இரண்டு திசைகள். பெயரைத் துரத்திப் படிப்பவர் எந்தத் திசையில் ஓடுவார்?

என் பெரிய கவலை வேறொன்று. நன்றாகப் படித்து மேலே வந்தவரை உடனே மேசைக்கு அனுப்பிவிடும் வழக்கம் எந்தத் துறையிலும் எளிதாக வந்துவிடும். அவசரப் பிரிவில் கைதேர்ந்த ஒருவர் முதுகலை முடித்ததும் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தால், நாட்டுக்கு ஒரு பட்டதாரி கிடைக்கிறார். நோயாளி ஒரு நல்ல கையை இழக்கிறார். பட்டம் பெற்றவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பதவியிலும் சம்பளத்திலும் உயர வழி வேண்டும். படிக்க விடுப்பும் வேண்டும். இரவு வேலை முடிந்து, தூக்கத்தோடு இணைய வகுப்பைப் பார்ப்பவரிடம் நல்ல ஆய்வை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

உங்களுக்கு என்ன?

நம் நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளோமா 4-ஆம் நிலை, இளங்கலை 6, முதுகலை 7, முனைவர் 8. டிப்ளோமாவுக்குப் பிறகு அவசர சிகிச்சை, டயாலிசிஸ், எலும்பியல் போன்றவற்றில் சிறப்புப் பயிற்சிகளும் உண்டு. 'அப்பெல்' என்ற ஏற்பாட்டில், 30 வயதைத் தாண்டி, டிப்ளோமாவோ எஸ்.டி.பி.எம்.மோ வைத்திருந்து, தொடர்புள்ள பணி அனுபவமும் உள்ளவர், உரிய மதிப்பீட்டில் தேர்ச்சி பெற்றால் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். வேலையில் கற்றதும் கல்விதான் என்று ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாடு, ஸ்டெட் செய்ததற்கு மிக நெருக்கமானது. இதை நம் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை, வீட்டில் சொல்லுங்கள்.

நாளை யாராவது ஒரு படிப்பை உங்களுக்குப் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என் வேலையில் எழுந்த எந்தக் கேள்விக்கு விடை தரும்? இதற்குப் பிறகும் நோயாளியைச் சந்திப்பேனா? செலவிடும் பணமும் ஆண்டுகளும் திரும்பி வருமா? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் கொஞ்சம் பொறுங்கள். கதவு மூடிவிடாது.

இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. படிவம் 4 கணிதத்தில் நிகழ்தகவும் பரவல் அளவைகளும் வரும். தேர்வுக்குப் பிறகு எதற்கும் பயன்படாது என்று பலர் ஒதுக்கிவிடும் பாடங்கள் அவை. மேலே சொன்ன 12 பேரில் ஒருவர் என்ற கணக்கை, நோய் உள்ளவர்கள் 10 பேருக்குப் பதிலாக 100 பேர் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடை இரண்டு பேரில் ஒருவர் என்று வந்தால், நோய்ப்பரவலியலின் முதல் பாடம் உங்களுக்குப் புரிந்துவிட்டது.