கண்ணுக்கு எட்டாத ஒளியில் அண்ணாமலை

திருவண்ணாமலைக்கு வருவோருள், மலையையும் பதினொரு நிலை இராஜகோபுரத்தையும் படம் பிடியாது திரும்புவோர் சிலரே. அப்படங்கள் யாவும் கண் கண்டதையே காட்டுவன. கண் காணாத ஒளியிலும் அம்மலையைப் படம் பிடிக்கலாம் என்பதையும், அதனைப் பழகுவோர்க்கு வேண்டிய நேர்மையையும் ஈண்டுச் சிறிது கூற விரும்புகிறேன்.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூற் புலவர், முப்பட்டைக் கண்ணாடியாற் பிரிந்த நிறங்களுள் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளியே தோன்றாத அவ்விடத்தில் வெப்பம் மிகக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். 1910-இல் ராபர்ட் உட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அக்கதிரால் எடுத்த படங்களை வெளியிட்டார். அவற்றில் வானம் கறுத்தது. மரங்களோ பனி மூடியவை போல் வெளுத்தன. இலையின் உள்ளமைப்பு அக்கதிரை மிகுதியாகத் திருப்பி விடுவதும், தெளிந்த வானம் அதனைச் சிறிதே சிதறச் செய்வதும் இதற்குக் காரணமாம்.

இதனைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. டிஜிட்டல் காமிராவின் உணர்பலகை இக்கதிரை உணரவல்லது. அதனைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றும் அதன்முன் இருக்கும். அத்தடை முழுமையானதா என்றறிய, தொலைக்காட்சி ரிமோட்டைக் காமிராவின்முன் அழுத்துக. திரையில் ஒளிப்புள்ளி தோன்றின், அக்காமிரா ஓரளவு உதவும். பின்னர் 720 நானோமீட்டர் பில்டர் ஒன்று வாங்குக. முக்காலியில் காமிராவை நிறுத்தி, குவியத்தை முன்னரே சரிசெய்து, பில்டரை மாட்டிப் பல வினாடி ஒளி விடுக. பசும்புல்லை நோக்கி வெண்சமநிலை அமைத்தல் நன்று. பிற படங்களுக்கு ஆகாத உச்சிவெயில் இதற்கு உகந்தது. ஆயின் பில்டர் வழியே கதிரவனைக் கண்ணால் நோக்கற்க. காமிராவைத் தாமே பிரித்தலும் ஆகாது, அதன் மின்தேக்கி தாக்கக்கூடும்.

“கணினியாலேயே மரத்தை வெண்மையாக்கலாமே, இத்தொல்லை எதற்கு?” என்பார் உளர். கணினி நாம் சொல்லியதையே திருப்பிச் சொல்லும். காமிராவோ இலை செய்ததைச் சொல்லும். இவ்வேறுபாடு சிறிதன்று.

இவ்வூரில் மற்றொரு கவனமும் வேண்டும். இம்மலை அக்கினித் தலம் எனப் போற்றப்படுவது. வெண்ணொளி வீசும் மலைப்படம் ஒன்றைக் கண்டால், மலையின் கனலே அதில் பதிந்ததென எளிய மக்கள் மயங்கலாம். அவ்வெண்மை இலைகள் திருப்பிய வெயிலேயன்றி மலையின் வெப்பமன்று. வெப்பப்படம் எடுக்கும் கருவி வேறு. உண்மையை மறைத்து அத்தகைய படத்தை அற்புதமென விற்பவன், கலைக்கும் பக்திக்கும் ஒருங்கே தீங்கு செய்தவனாவான். ஆதலின் படத்தின் கீழ் இன்ன பில்டர், இன்ன நாள், இன்ன மாற்றம் என எழுதுதல் கடமையாகும்.

அவ்வாறு எழுதிய படமே நாளை பயன்படும். 1988-இல் ஏவப்பட்ட நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் சிவப்பொளியோடு அகச்சிவப்பையும் பதிந்து நிலத்தின் பசுமையை அறிய உதவிற்று. அண்ணாமலைச் சரிவில் மரம் நடும் பணி பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. கோடைத்தீயும் அதனை அவ்வப்போது அழிக்கிறது. நம் மாணவர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓரிடத்தைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அதே திங்களில் சாதாரணப் படம் ஒன்றும் இப்படம் ஒன்றும் எடுத்து வைப்பாராயின், பத்தாண்டில் அது மலையின் வரலாறாகும். வியப்புக்காகத் தொடங்கிய கலை, அப்போதன்றோ ஊருக்கு உதவியதாகும்?