மருதியின் கையில் கைபேசி உண்டா?

புகழ்பெற்ற பழைய சிறுகதைகளைச் சமூக ஊடகங்களின் வழியே மீண்டும் சொல்லும் முயற்சி இன்று பரவி வருகிறது. கதைமாந்தருக்கு முகநூற் கணக்குத் திறக்கிறார்கள். அவர்களின் பேச்சை வாட்ஸ்அப் உரையாடலாக எழுதுகிறார்கள். ஒரு நிமிடக் காணொளியில் கதையையே முடித்துவிடுகிறார்கள். இதைக் கண்டு இலக்கியம் தீட்டுப்பட்டுவிட்டதென்று புலம்பும் பண்டிதர்கள் ஒருபுறம். இதுவே இலக்கியத்தின் மறுபிறப்பென்று மேளங்கொட்டும் உற்சாகிகள் மறுபுறம். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. கருவி யார் கையில் இருக்கிறது?

முதலில் பண்டிதர்களுக்கு விடை சொல்வோம். கதையைத் திருப்பிச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' வேறென்ன? வான்மீகியும் கம்பனும் சொன்ன அகலிகையின் கதையைத் தம் காலத்துக் கேள்வியோடு அவர் மறுபடியும் சொன்னார். சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். மூலத்தை அவர் சிதைத்தாரா? இல்லை, மூலம் கேளாது விட்ட கேள்வியைக் கேட்டார். ஊடகம் புதியதென்பதும் குற்றமாகாது. நியூயோர்க் பொது நூலகம் 2018இல் இன்ஸ்டகிராம் வழியே கதைகளை வெளியிட்டது. சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' என்னும் சிறுகதையும், கஃப்காவின் 'உருமாற்ற'மும் அவற்றுள் அடங்கும். படங்களைச் சேர்த்தார்கள், அசைவுகளைச் சேர்த்தார்கள். ஆனால் மூலத்தை முழுமையாகவே தந்தார்கள். வாசகனைக் குழந்தையாக நடத்தவில்லை. அந்த மரியாதை இருக்குமானால் ஏடென்ன, அச்சென்ன, கைபேசித் திரையென்ன?

ஆனால் உற்சாகிகளோடு நமக்குள்ள வழக்கு இதனினும் பெரிது. உதாரணமாகத் 'துன்பக்கேணி'யை எடுத்துக்கொள்வோம். 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த கதை. புதுமைப்பித்தனின் எழுத்துக்கள் 2002இல் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஆகவே எடுத்தாள்வதற்கும் தடையில்லை. திருநெல்வேலிச் சீமையின் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதி, வெள்ளைத் துரையின் இச்சைக்கு இரையாகி, நோயுற்றுத் தூக்கியெறியப்படுகிறாள். இக்கதையை ஒரு நிமிடத்துக்குள் அடைத்தால் எஞ்சுவது என்ன? சோக இசை, அழும் பெண், பச்சை மலை, இறுதியில் ஒரு நீதிவாக்கியம். பார்ப்பவர் கண்ணீர் முகமொன்றைத் தட்டிவிட்டு அடுத்த காணொளிக்குப் போகிறார்.

வெட்டப்பட்டவை எவை என்று பாருங்கள். சேரியைச் சேரியாக வைத்திருந்த சாதி போயிற்று. ஆள்பிடித்த கங்காணி போனான். கூலிகளின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அக்கடனோடு ஆட்களையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் கங்காணியின் ஆட்சி அதன் பின்னரும் ஒழிந்துவிடவில்லை. அந்தச் சரித்திரம் முழுவதும் போயிற்று. மருதியின் துன்பம் மட்டும் மிச்சம். துன்பத்துக்குக் காரணமானவர்கள் அனைவரும் விடுதலை! இது சுருக்கமன்று, குற்றவாளிகளுக்கு வழங்கும் பொதுமன்னிப்பு.

இன்னும் சிலர் மருதியின் கையிலேயே ஒரு கைபேசியைக் கொடுத்து, அவளே பேசுவதாக எழுதச் சொல்கிறார்கள். நல்லெண்ணந்தான். ஆனால் மருதியிடம் கைபேசி இருந்தால் கதை எப்படி நடக்கும்? துரையின் குரலைப் பதிவு செய்து ஊரறியச் செய்துவிட மாட்டாளா? பேச வாயற்றவளாக அவளை ஆக்கிவைத்ததே அந்த அமைப்பின் முதற் கொடுமை. பேசுங் கருவியைக் கற்பனையில் தானமாகக் கொடுத்துவிட்டால், அதைப் பறித்தவன் யாரென்ற கேள்வியும் மறைந்துபோகிறது.

இதை எழுதும் நாம் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்பவர்கள். நமக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூர் இருக்கிறது. அவ்வூரின் ஏழைப் பெண் ரிசானா நபீக் 2005இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டாள். பிறப்புச் சான்றிதழின்படி பிறந்த ஆண்டு 1988, கடவுச்சீட்டிலோ 1982. பதினேழு வயதுச் சிறுமியை ஏட்டில் முதிர்ந்தவளாக்கி அனுப்பினார்கள். அவள் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது; கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டது. அவளது வாக்குமூலம் பெறப்பட்ட முறையையும், அதை மொழிபெயர்த்தவரின் தகுதியையும் மனித உரிமை அமைப்புகள் கேள்விக்குள்ளாக்கின. 2013 ஜனவரி 9இல் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவளது படத்தை உலகம் பார்த்தது. அவளது குரலை உலகம் கேட்கவில்லை.

1935இன் மருதிக்கும் 2005இன் ரிசானாவுக்கும் இடையே எழுபது ஆண்டுகள். கடல் மாறியது, கங்காணியின் இடத்தில் முகவர் வந்தார், துண்டுச் சீட்டின் இடத்தில் பொய்க் கடவுச்சீட்டு வந்தது. 'துன்பக்கேணி'யை இன்றைய ஊடகத்தில் திருப்பிச் சொல்ல விரும்புவோர் தொடங்கவேண்டிய இடம் இதுதான்.

அப்படியானால் எப்படிச் சொல்வது? முகவர் தமது பக்கத்தில் சம்பள விளம்பரம் போடட்டும். எசமானி விருந்துப் படங்களைப் பகிரட்டும். கம்பனி பச்சை மலையின் அழகைப் பரப்பட்டும். ஊரிலிருந்து தாய் தன் மகளுக்குச் செய்திமேல் செய்தி அனுப்பட்டும். ஒவ்வொரு செய்தியின் கீழும் ஒற்றைச் சரிக்குறி மட்டுமே நிற்கட்டும். இரண்டாவது குறி விழவே வேண்டாம். எல்லோரும் பேசும் இடத்தில் ஒருத்தி மட்டும் பேச முடியாமலிருக்கிறாள் என்பதைப் புதிய ஊடகம் இவ்வாறு காட்டுமானால், அது புதுமைப்பித்தனுக்குச் செய்யும் துரோகமன்று. அவரது வேலையின் தொடர்ச்சி.

'இவ்வளவு கனமாகச் சொன்னால் மாணவர் பார்ப்பார்களா?' என்று கேட்பவர்கள் உண்டு. இது மாணவர் மீது சுமத்தப்படும் அவதூறு. மலையகத்திலிருந்து கலவரங்களால் விரட்டப்பட்டு இம்மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும், தாயை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுப் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கனமானது கதையன்று. அவர்கள் வாழும் வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்குக் காரணம் சொல்லும் கதையை அவர்கள் தள்ளிவிட மாட்டார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இதுவே: திருப்பிச் சொல்லுங்கள், ஆனால் முதலில் மூலத்தை முழுதாகப் படியுங்கள். சொல்லும்போது, துன்பத்தைக் காட்டும் இடத்தில் அதனால் இலாபமடைந்தவனையும் காட்டுங்கள். மருதிக்காகப் பேசுகிறோம் என்று பெருமைப்படுமுன், அவள் பேச முடியாதபடி செய்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் துணியாத மறுகூறல், எத்தனை இலட்சம் பேர் பார்த்தாலும், துரையின் பங்களாச் சுவரில் மாட்டிய படமாகவே முடியும்.