பசுமை உறையும் மாற்ற முடியாத மின்கலமும்

குறைந்த விலையில் கிடைக்கும் கம்பியில்லா இயர்பட்களுள் மூங்கில் உறை கொண்டதையோ மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டதையோ தேர்ந்தெடுத்துவிட்டால், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ற கருவி கிடைப்பதோடு சுற்றுச்சூழலுக்கும் நன்மை செய்ததாகிவிடும் என்னும் எண்ணம் இன்று படித்த நகர்ப்புற நுகர்வோரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. விளம்பரங்களோடு, பொருள்களை ஒப்பிட்டு மதிப்பிடும் கட்டுரைகளும் காணொளிகளும் சேர்ந்தே இவ்வெண்ணத்தை வளர்க்கின்றன. ஒலித்தரம், விலை, ஒருமுறை மின்னேற்றினால் பாடும் நேரம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டபின், உறையும் அட்டைப்பெட்டியும் எதனால் ஆனவை என்று பார்த்து, "சூழலுக்கு உகந்தது" என ஒரு வரி எழுதி அவை மதிப்பீட்டை முடித்துவிடுகின்றன. இந்த முறை அடிப்படையிலேயே பிழையானது. ஓர் இயர்பட் பூமிக்கு ஏற்றும் சுமையைப் பெரிதும் முடிவுசெய்வது அது எத்தனை ஆண்டுகள் உழைக்கிறது என்பதே. அந்த ஆயுளையோ, உறைக்குள் பசையிட்டு மூடப்பட்ட ஒரு சிறு மின்கலமே தீர்மானிக்கிறது.

கருவியின் உடலை எடைபோட்டுப் பார்த்தாலே உறையைப் பற்றிய பெருமை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஒரு பக்கத்து இயர்பட்டின் எடை பொதுவாக 4 முதல் 6 கிராம் வரை இருக்கும். இரண்டையும் வைத்து மின்னேற்றும் பெட்டி ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். மொத்தம் 50 கிராம் என்றும், அதில் பாதி பிளாஸ்டிக் என்றும், அந்தப் பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்கு மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் கொண்டால், வாங்குபவர் குப்பையிலிருந்து மீட்டெடுக்க உதவிய பொருள் 8 கிராமைச் சற்றே தாண்டும். அது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடையில் பாதிகூட ஆகாது. மூங்கில் உறையின் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. பிளாஸ்டிக்கின்மேல் பசைகொண்டு மூங்கிலை ஒட்டினால் இரண்டையும் பிரிப்பது கடினமாகிவிடுவதால், அந்த மூங்கில் மண்ணில் மக்கவும் வழியில்லை, அந்தப் பிளாஸ்டிக் உருக்கி மறுவார்ப்புச் செய்யப்படவும் வழியில்லை.

சுமையின் பெரும்பகுதி உறைக்கு உள்ளே இருக்கிறது. ஒலியை எழுப்பும் சிறு ஒலிபெருக்கியில் நியோடிமியம் காந்தம் உண்டு. நியோடிமியம் என்பது அருமண் தனிமங்கள் எனப்படும் உலோகக் குழுவைச் சேர்ந்தது. தாதுவிலிருந்து இவற்றைப் பிரிப்பதற்கு ஏராளமான அமிலமும் நீரும் செலவாகின்றன. உலகளவில் இந்தப் பிரிப்புத் தொழிலின் மிகப் பெரும் பகுதி சீனாவில் நடைபெறுகிறது. மின்கலத்தில் லித்தியமும், பல வகைகளில் கோபால்ட்டும் உள்ளன. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்குக் கையால் தோண்டும் சிறு சுரங்கங்களில் சிறுவர்களின் உழைப்பு சுரண்டப்படுவது பலமுறை ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. புளூடூத் அலைகளைக் கையாளும் சில்லு, மிகத் தூய்மையான நீரையும் பெருமளவு மின்சாரத்தையும் விழுங்கும் ஆலைகளில் உருவாகிறது. இத்தனையும் கருவி கடைக்கு வருமுன்பே செலவாகிவிட்டவை. உறையை எதனால் செய்தாலும் இவற்றில் ஒரு துளியும் குறைவதில்லை. ஆனால், ஈராண்டு உழைக்கும் கருவியை ஆறாண்டு உழைக்கச் செய்தால், ஆண்டொன்றுக்கு விழும் சுமை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மின்சாரச் சிக்கனம் பற்றிய பேச்சை விரைவாகவே கடந்துவிடலாம். மின்னேற்றும் பெட்டியை அன்றாடம் முழுமையாக நிரப்பினாலும், ஓராண்டுக்குச் செலவாகும் மின்சாரம் வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட்டை எட்டுவதே அரிது. பயன்பாட்டில் செலவாகும் ஆற்றல் இவ்வளவு அற்பமாக இருக்கும் பொருளில், பாதிப்பு உற்பத்தியிலும் கழிவிலும்தான் குவிந்திருக்கும் என்பது தெளிவு.

இனி, மின்கலம் ஏன் இவ்வளவு விரைவில் ஓய்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும், ஏனெனில் பரவலான நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது. லித்தியம் அயனி மின்கலத்தில், மின்னேற்றும்போதும் மின் இறங்கும்போதும் லித்தியம் அயனிகள் இரு மின்முனைகளுக்கிடையே சென்று திரும்புகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவற்றுள் சிறு பகுதி, எதிர்முனையின் மேற்பரப்பில் படியும் மெல்லிய படலத்தில் சிக்கிக்கொண்டு மீளாமற்போகிறது. இதனால் சுற்றுக்குச் சுற்று கொள்ளளவு குறைகிறது. பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கே எஞ்சுகிறது. இந்தத் தேய்மானம் கைபேசிக்கும் உண்டு எனினும், கைபேசியின் மின்கலம் 5,000 மில்லியாம்பியர் மணி அளவுள்ளதாக இருக்க, இயர்பட்டினுடையது 40 முதல் 60 வரையே கொண்டது. நூறில் ஒரு பங்கான அந்தக் கலத்தில் இழப்பைத் தாங்கும் இருப்பு என்று ஒன்றுமில்லை. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் பாட்டும் அழைப்பும் கேட்பவர் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றை அன்றாடம் முடித்துவிடுகிறார். ஒன்றரை ஆண்டுக்குள் 500 சுற்றுகள் கடந்துவிடுகின்றன. இதற்கு மேல், ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் வைத்தவுடன் கலம் மீண்டும் நிரப்பப்பட்டு, நிறைந்த நிலையிலேயே சட்டைப்பையின் வெப்பத்திலும் வெயிலில் நிற்கும் வண்டியிலும் கிடக்கிறது. நிறைந்த நிலையும் வெப்பமும் ஒன்றுசேர்வது லித்தியம் கலத்தை மூப்படையச் செய்யும் நிலைமைகளுள் மிகக் கொடியது. இந்திய வெயிலில் இதன் விளைவு குளிர்நாடுகளைவிடக் கடுமையாகவே இருக்கும்.

இரு பக்கக் கலங்களும் ஒரே சீராக மூப்படைவதுமில்லை. அழைப்பின்போது ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்தும் வழக்கம் பலருக்கு உண்டு; அந்தப் பக்கம் முதலில் ஓய்கிறது. மலிவு வகைகளில் ஒற்றை இயர்பட்டைத் தனியே விற்கும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லாமையால், ஒரு கிராம் அளவுள்ள ஒரு கலம் தளர்ந்ததற்காக, குறையற்ற மறுபக்கமும், அதன் காந்தமும் சில்லும், மின்னேற்றும் பெட்டியும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. உத்தரவாதக் காலத்துக்குள் பழுது நேர்ந்தாலும் நிறுவனங்கள் பழையதைத் திறந்து சீர்செய்வது அரிது. புதிய கருவியைக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கழித்துவிடுவதே அவற்றுக்குச் செலவு குறைந்த வழி. கைபேசியின் மின்கலத்தை அரை மணியில் மாற்றித் தரும் சென்னை ரிச்சி தெருவின் கைத்தேர்ச்சி மிக்க பழுதுநீக்குநர்களைப் போன்றோருக்கும், பசையிட்டு மூடப்பட்ட உறையை உடைக்காமல் திறக்க வழியிராது. திறமைசாலியின் கையையும் கட்டிப்போடும் வடிவமைப்பு அது.

இத்தகைய வடிவமைப்பு தவிர்க்க முடியாதது என்ற வாதம் எழுப்பப்படுவதுண்டு. இவ்வளவு சிறிய கருவியில் திருகாணிக்கும் மூடிக்கும் இடமில்லை என்றும், வியர்வையும் மழைநீரும் புகாதிருக்கப் பசை இன்றியமையாதது என்றும் உற்பத்தியாளர் கூறுவர். 2016ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஏர்பாட்ஸை வெளியிட்டபோது, கருவிகளைப் பிரித்துப் பார்த்துப் பழுதுநீக்கும் எளிமைக்கு மதிப்பெண் வழங்கும் ஐஃபிக்ஸிட் அமைப்பு அதற்குப் பத்துக்குச் சுழியம் தந்தது உண்மையே. ஆயினும், 2019இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி பட்ஸில், பொத்தான் வடிவக் கலம் கழற்றி மாற்றத்தக்க வகையில் அமைந்திருந்தது. அதே ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஆறு அளித்தது. 2024 ஏப்ரலில் நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் ஃபேர்பட்ஸ் என்னும் இயர்பட்டை வெளியிட்டது. அதில் இரு பக்கக் கலங்களையும் பெட்டியின் கலத்தையும் பயனரே எளிய கருவிகொண்டு மாற்றலாம். தூசியையும் நீர்த்தெறிப்பையும் தாங்கும் ஐபி54 தரமும் அதற்கு உண்டு. ஐஃபிக்ஸிட் அதற்கு முழுமையாகப் பத்து மதிப்பெண் வழங்கியது. இடமில்லை என்ற வாதமும் நீர் புகும் என்ற வாதமும் இந்தக் கருவிகளால் செயலிலேயே மறுக்கப்பட்டுவிட்டன.

எஞ்சியிருப்பது விலை பற்றிய வாதம்; அதை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஃபேர்பட்ஸ் ஐரோப்பாவில் 149 யூரோவுக்கு அறிமுகமானது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் இயர்பட் தேடும் மாணவருக்கும் விநியோகப் பணியாளருக்கும் அது எட்டாக் கனி. எனினும் அந்த விலை, குறைந்த எண்ணிக்கையில் உற்பத்தி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் விலை. இரு மில்லிமீட்டர் திருகாணிக்கும் கழற்றத்தக்க மூடிக்கும் ஆகும் விலை அன்று. மேலும், மலிவு என்பதைக் கடையில் கொடுக்கும் தொகையால் மட்டும் அளப்பது ஏழை நுகர்வோருக்கே இழப்பாகிறது. 1,200 ரூபாய்க் கருவியை ஐந்தாண்டில் மூன்று முறை வாங்க நேர்ந்தால் செலவு 3,600 ரூபாய். அதையே ஒருமுறை வாங்கி, சில நூறு ரூபாய்க்கு இருமுறை கலங்களை மாற்றிக்கொள்ள முடிந்தால் செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். மாற்ற முடியாத மின்கலம் வருவாய் குறைந்தவரின் பையிலிருந்து திரும்பத் திரும்பப் பணம் பறிக்கும் ஏற்பாடு என்பதே உண்மை. அதன்மேல் பச்சை இலைப் படம் ஒட்டி விற்பது அவர்களுக்கு இழைக்கப்படும் இரட்டை அநீதி.

"பழையதை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டால் போதுமே" என்று நம்பி ஆறுதல் கொள்வோரும் பலர். ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஆவணம் உள்ளது 22.3 விழுக்காடு மட்டுமே. அருமண் தனிமங்களின் தேவையில் மின்கழிவு மறுசுழற்சியால் நிறைவேறுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மறுசுழற்சி ஆலையில் கழிவை அரைக்கும் பொறிக்குள் லித்தியம் கலம் புகுந்தால் தீப்பற்றும் அபாயம் உள்ளதால், அதை முன்கூட்டியே அகற்றியாக வேண்டும். ஒரு கிராம் கலத்தைப் பசையிட்ட உறையிலிருந்து கையால் பெயர்த்தெடுக்கும் கூலியோ அதிலிருந்து கிடைக்கும் உலோகத்தின் மதிப்பைவிட மிகுதி. ஆகவே இயர்பட்கள் ஒதுக்கப்படுகின்றன, அல்லது தில்லியின் சீலாம்பூர் போன்ற இடங்களில், பாதுகாப்பு ஏதுமின்றி அமிலமும் தீயும் கொண்டு உலோகம் பிரிக்கும் எளிய தொழிலாளரின் நுரையீரலில் அவற்றின் கணக்குத் தீர்க்கப்படுகிறது. 2022இன் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை இந்தியாவில் உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்கின்றன. கருவியிலிருந்து பிரிக்கவே முடியாத கலத்தின்மீது அந்த விதிக்கு உள்ள பிடி மிகத் தளர்வானது.

பெட்டியின்மேல் அச்சிடப்படும் குறிகளைப் படிக்கும் முறையும் திருத்தப்பட வேண்டும். ரோஹ்ஸ் என்னும் குறி, ஈயம், பாதரசம், காட்மியம் முதலிய நச்சுப் பொருள்கள் வரம்புக்குள் இருப்பதைச் சொல்வது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கடமையை நிறைவேற்றியதில் சிறப்பாகப் பறைசாற்ற ஏதுமில்லை. எஃப்எஸ்சி என்னும் காட்டுப் பொறுப்புச் சான்று அட்டைப்பெட்டியின் தாளுக்கு உரியது; உள்ளிருக்கும் கருவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் பாதுகாப்பைப் பற்றியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பசுமைப்பூச்சு எனப்படும் பொய்யான சூழல் உரிமைகோரல்களைத் தடுக்கும் நோக்கில், "பசுமையானது", "சூழலுக்கு உகந்தது" போன்ற பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது என்று வரையறுத்துள்ளன. அந்த நெறியை நேர்மையாகப் பொருத்தினால், கலம் மாற்ற முடியாத எந்த இயர்பட்டும் அச்சொற்களைத் தாங்கும் தகுதியை இழக்கும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கான இயர்பட்டை மதிப்பிட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது கலத்தை மாற்ற முடியுமா என்பது; அடுத்து, ஒரு பக்கம் தொலைந்தாலோ பழுதானாலோ அதை மட்டும் தனியே வாங்க முடியுமா என்பது; உதிரிப் பாகங்களை நிறுவனம் எத்தனை ஆண்டுகள் விற்கும் என்பது அதற்கடுத்தது. ஒலித்தரமும் வண்ணமும் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். கம்பியின் இடையூறின்றி நடமாட வேண்டிய தேவை உள்ளோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. அத்தேவை இல்லாதவருக்கு, மின்கலமே இல்லாத கம்பியுள்ள இயர்போன் இன்றும் சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் பழுதாவது செருகியை ஒட்டிய கம்பிதான், அதைப் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம். மூங்கிலும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் இல்லாவிடினும், சூழல் நோக்கில் அதுவே மேலானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறைச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளில் உள்ள மின்கலங்களைச் சில விலக்குகள் நீங்கலாகப் பயனரே கழற்றி மாற்றத்தக்கவையாக அமைக்க வேண்டும் என்றும், ஒரு வகையின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்தபின் ஐந்தாண்டுகளுக்கேனும் மாற்றுக் கலங்கள் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்றும் ஆணையிடுகிறது. இதற்கென வடிவமைப்பை மாற்றப்போகும் நிறுவனங்கள் பசையிட்டு மூடிய பழைய வகையை இந்தியச் சந்தைக்குத் தள்ளிவிடாதிருக்க வேண்டுமானால், பொருள்களின் பழுதுநீக்கும் எளிமைக்குக் குறியீடு வழங்க இந்திய அரசு மேற்கொண்டுள்ள முயற்சியில் கைபேசியோடு இயர்பட்டும் இடம்பெற்றாக வேண்டும். நுகர்வோர் அமைப்புகள் இதை இப்போதே கோர வேண்டும். வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும், மின்கலம் தளர்ந்தால் மாற்றித் தருவீர்களா என்ற கேள்வியை விற்பவரிடம் கேட்டு, ஆம் என்ற விடை எழுத்தில் கிடைக்காத கருவியை வாங்காது திரும்ப வேண்டும்.