சோதனைக்குப் பணம் கட்டுவது யார்?

சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், 2021 ஆகஸ்டில், கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. மக்கள் குமுறிய பிறகுதான் ஐஐடி வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். குடியேறிய பின் சோதித்து என்ன பயன்?

கான்கிரீட் போடும்போதே 150 மில்லிமீட்டர் கனசதுரங்களில் மாதிரி எடுத்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, உடைத்துப் பார்ப்பதே முறை. அந்த மாதிரியை ஒப்பந்ததாரரின் ஆளே எடுத்து, அவரே கட்டணம் செலுத்தும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் சான்றிதழை எப்படி நம்புவது? தனியாக நல்ல கலவையில் வார்த்த கட்டி தேறிவிடும், தூண் தேறாது.

வெளி ஆய்வு நிறுவனத்தை அரசே அமர்த்தி, அரசே பணம் தர வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே இந்த வேலை என்ற வழக்கம் இங்கே கூடவே கூடாது. சொல்லாமல் வந்து மாதிரி எடுக்கவும், தேறாவிட்டால் பில்லை நிறுத்தச் சொல்லவும் அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் தேவை. முடிவுகளைக் கட்டட வாசலில் தமிழில் ஒட்டுங்கள்.