பழைய விண்டோஸ் குப்பை அன்று, வாசிப்பறை

“விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழவேண்டும்?” பழைய இயங்குதளம் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் நிறுவவேண்டும் என்றதும் எழும் முதற்கேள்வி இது. கேட்பவர்களுள் மொழியியல் பேராசிரியர்களும் இருப்பதுதான் வேதனை.

எக்ஸ்பியின்மீது எனக்குப் பற்று ஏதுமில்லை. அதனுள் மட்டுமே ஒழுங்காகத் திறக்கும் தரவுகளைப் பற்றியதே என் கவலை.

தெலங்கானா, மகாராட்டிர எல்லைப்புறத்தில் பேசப்படும் கோலாமிக்கு எமனோ எழுதிய இலக்கணம் 1955இல் அச்சானது. இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின்னர் நெகிழ்வட்டில் சேமித்த களக்குறிப்புகளை அவ்வாறு படிக்க இயலாது. டாஸுக்கும் விண்டோஸ் 3.1க்கும் எழுதப்பட்ட 16-பிட் நிரல்கள் இன்றைய 64-பிட் விண்டோஸில் இயங்கா. 32-பிட் எக்ஸ்பியில் அவற்றுட் பல இயங்கும்.

“ஷூபாக்ஸ் கோப்பு வெறும் உரைக்கோப்புதானே, நோட்பேடில் திறக்கலாமே” என்பர். திறக்கலாம், படிக்க முடியாது. ஒலிக்குறிகள் அக்கால எழுத்துருக்களை நம்பி நிற்கின்றன. எழுத்துரு மாறினால் குறியும் மாறும். சொல்லுக்கு நேர்கீழே பொருள் வருமாறு இடைவெளிகளை எண்ணி அடுக்கிய வரிகளும் நிரை குலையும்.

“ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்” என்பது அடுத்த அறிவுரை. எதிலிருந்து மாற்றுவது? டாம், டாப், திஸ்கி, பாமினி என்று அலைந்த தமிழர்க்கு இது புதிதன்று. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்து, மற்றொன்றில் வேறெழுத்து. தமிழில் மாற்றி பிழை செய்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். தகவல் தந்த முதியவர் மறைந்து, பேசுநரும் அருகிவிட்ட மொழியில், டகரம் தகரமாகவும் நெடில் குறிலாகவும் மாறினால் கண்டுபிடிப்பவர் யார்? மூலக்கோப்பு அன்று திரையில் எவ்வாறு தோன்றியதோ, அதை அருகில் வைத்து ஒப்பிடுவதே சரிபார்க்கும் வழி. அதற்குத்தான் பழைய இயங்குதளம்.

இது ஒரு பிற்பகல் வேலை. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி நினைவகமும் பத்து ஜிபி வட்டும் போதும். எக்ஸ்பியின் நிறுவல் தகட்டில் சாட்டா வட்டுக்கான ஏஎச்சிஐ டிரைவர் இல்லை. ஆகவே வட்டை ஐடிஇ வகையில் இணைக்கவேண்டும். பிணைய அட்டையை நீக்கிவிட்டு, கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஐஎஸ்ஓ வடிவில் உள்ளே தரவேண்டும்.

என் நிறுவனத்தின் கணினி மையமோ, “பாதுகாப்பற்றது” என்று ஒரே வரியில் மறுத்தது. பிணையமே இல்லாத பொறிக்குள் எவ்வழி நுழைவார்களாம்? இதே கட்டடத்தில், அச்சுப்பொறிக்காக வைத்திருக்கும் உண்மையான எக்ஸ்பி கணினி ஒன்று வளாகப் பிணையத்திலேயே கிடக்கிறது. அதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. ஆனால் அதன் மின்வடிவல்லாத படி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கவேண்டும். தாளில் பிறந்ததற்குக் காப்பு உண்டு. கணினியிலேயே பிறந்த மென்பொருளுக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. விற்பனையே நின்றுபோன எக்ஸ்பிக்கு உரிமம் தேடி ஒவ்வோர் ஆய்வு மாணவரும் தனித்தனியே அலையவேண்டுமா?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. பல்கலைக்கழக நூலகங்கள், உரிய எழுத்துருக்களும் மென்பொருள்களும் நிறுவிய பழைய இயங்குதளங்களை விர்ச்சுவல் மெஷின்களாகப் பேணி, கேட்கும் ஆய்வாளர்க்குத் திறந்துவிடவேண்டும். உரிமத்தை நிறுவனங்களிடம் அவையே பேசிப் பெறவேண்டும். ஆய்வேட்டின் பிடிஎஃப்பை ஷோத்கங்காவில் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்னாமல், களத்தரவையும், அது எந்த எழுத்துருவில் எந்த மென்பொருளில் உள்ளது என்ற குறிப்பையும் துறைகள் வாங்கிவைக்கவேண்டும். மின்வடிவில் பிறந்தவற்றுக்கும் அச்சட்டப்பிரிவு விரியவேண்டும்.

உங்கள் துறையின் அலமாரியில் நெகிழ்வட்டுகள் இருந்தால், தூக்கி எறியுமுன் அவற்றில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.